இரண்டு தடவை கூப்பிட்ட குரல்

என் தொழில் வெளிச்சம். திருச்சி சத்திரம் பக்கத்துச் சந்து ஒன்றில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். ஒரு விளக்கு எத்தனை தூரத்தில் இருக்கிறது, அது கையில் இருக்கிறதா, தொங்குகிறதா, வண்டியில் போகிறதா என்பதை அதன் ஒளியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆகவே அன்று ஆற்றின் நடுவே ஒரு விளக்கைப் பார்த்தேன் என்று நான் சொன்னால், பார்த்தேன் என்றே அர்த்தம். கண் மயக்கம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நடந்து பத்து வருஷம் ஆகிறது. கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

ஐம்பத்தேழாம் வருஷம், ஆனி மாதம். ஜீயபுரத்துக்கு அக்கரையில், ஸ்ரீரங்கம் தீவின் மேற்குக் கோடியில், ஒரு கல்யாணம். நாலு விளக்கு வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் தங்கை கமர் ஜஹானின் புருஷன் பரக்கத் அலிதான் கடையில் எனக்குக் கூட்டாளி. என்னைவிட ஆறு வயது இளையவர். அவர் என்னை மச்சான் என்பார். நான் அவரை மாப்ளே என்பேன். எங்கள் ஊரில் அவரை மாப்ளே என்று கூப்பிட வேறு ஆள் கிடையாது.

தங்கைக்கு அப்போது ஏழு மாதம். பிள்ளைச் சுமையோடு வாசல் வரை வந்து நின்றாள்.

"அண்ணே, இவருக்கு நீச்சல் தெரியாது. கூடவே வச்சுக்கங்க."

"சின்னப் பிள்ளையா நான்?" என்றார் பரக்கத் அலி.

"சின்னப் பிள்ளைன்னா ஒரு தடவை கூப்பிட்டா திரும்பிப் பாக்கும். இவரை மூணு தடவை கூப்பிடணும்ணே. ரெண்டு தடவைக்கெல்லாம் இவருக்குக் காது கேக்காது."

"நாலாவது தடவை கூப்பிட்டா கோவம் வரும்" என்றார் அவர். சிரித்துக்கொண்டே கிளம்பினோம்.

விளக்கைப் பற்றி ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். பெட்ரோமாக்ஸில் எரிவது திரி அல்ல. மேண்டில் என்ற சின்ன வலைப்பை. புதிதாக இருக்கும்போது அது மெத்தென்ற துணி. முதல் தடவை எரித்ததும் துணி கருகிப் போய்விடும். அதில் ஊறியிருந்த உப்பு மட்டும் அதே வடிவத்தில் வெள்ளைச் சாம்பலாக நிற்கும். காற்றடித்து மண்ணெண்ணெய் ஆவி அதில் பாயும்போது அந்தச் சாம்பல்தான் பளீரென்று ஒளிவிடும். ஆனால் அது வெறும் சாம்பல். விரல் பட்டால் பொடிந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் போதும், உதிர்ந்துவிடும். அதனால் வெளியூர் போகும்போது புது மேண்டிலைக் கட்டி, எரிக்காமல் கொண்டுபோவோம். போய்ச் சேர்ந்த பிறகே ஏற்றுவோம். அன்றும் நாலு விளக்கிலும் புது மேண்டிலை என் கையாலேயே கட்டினேன்.

ஜீயபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாட்டுவண்டி பிடித்துப் பரிசல் துறைக்குப் போனோம். துறையில் இரண்டு பரிசல். ஒன்று காத்தானுடையது, மற்றது பிச்சமுத்துவுடையது. இரண்டு பேரும் ஐம்பதைத் தொடுகிறவர்கள். காத்தான் பரிசலில் வீராயி என்ற பெண் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். மடியில் பிறந்து இருபது நாளான பிள்ளை. அம்மா வீட்டிலிருந்து புருஷன் வீட்டுக்குப் போகிறாள்.

நான் இரண்டு விளக்கோடு அதில் ஏறினேன். மற்ற இரண்டு விளக்கையும் பிச்சமுத்து பரிசலில் வைக்கும்போதுதான் பரக்கத் அலி தலையில் கை வைத்தார்.

"மச்சான்... ஸ்பிரிட் பாட்டில் வண்டியிலேயே இருக்கு."

ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றாமல் விளக்கு ஏறாது. வண்டி அரைப் பர்லாங் போயிருந்தது.

"ஓடுங்க மாப்ளே. தலை கழுத்தோட ஒட்டியிருக்கு, இல்லேன்னா அதையும் மறந்திருப்பீங்க."

"நீங்க போங்க, பின்னாலேயே வரேன்."

எங்கள் பரிசல் கிளம்பியது. பொழுது சாய்ந்து, மேற்கே வானம் மங்கலாகச் சிவந்திருந்தது.

பரிசலில் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூங்கில் பிளாச்சில் பின்னி, தோல் போர்த்திய வட்டமான கூடை அது. முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. ஒரு பக்கம் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் மாற்றி மாற்றிப் போட்டு, ஆடி ஆடித்தான் போக வேண்டும். அதில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கரையும் வானமும் தொட்டில் மாதிரி அசையும்.

கால்வாசி ஆறு தாண்டியிருப்போம். பரிசலின் அடியில் சர்ர்... என்று ஒரு சத்தம்.

"மணல் தட்டுது" என்றான் காத்தான். துடுப்பை ஊன்றிப் பார்த்தான். முகம் சுளித்தான். "காலையில இங்க இடுப்பளவு தண்ணி. இப்ப முழங்காலளவுகூட இல்ல."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்களுக்கு வலப்பக்கம் ஒரு மணல் திட்டு எழுந்தது. எழவில்லை, தண்ணீர்தான் இறங்கிக்கொண்டிருந்தது. ஈர மணலில் கெண்டைகள் துள்ளின. பளிச்... பளிச்... என்று.

வீராயிக்குச் சந்தோஷம். "அண்ணே, இறங்கி நடந்தே போயிடலாம் போலிருக்கே. மீனையும் மடியில கட்டிக்கிட்டு."

"மாமியாருக்கா?" என்றான் காத்தான்.

"அவளுக்கு முள்ளுதான்."

சிரித்தோம். ஆனால் காத்தானின் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. ஆனி மாதம் மேலிருந்து புதுத் தண்ணீர் வருகிற காலம். ஆறு ஏற வேண்டும். ஏன் இறங்குகிறது?

காரணம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. கோடையில் வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்ப, ஆற்றின் குறுக்கே மணல், மூங்கில், நாணல் வைத்துக் கொரம்பு கட்டுவார்கள். மேற்கே அப்படி இரண்டு கொரம்பு, ஒன்றுக்கு மேற்கே இன்னொன்றாக, பிரிக்காமல் கிடந்திருக்கின்றன. புதுத் தண்ணீர் அடித்துவந்த மரமும் செத்தையும் அடைத்துக்கொண்டு அவை அணையாகிவிட்டன. தண்ணீர் அங்கே நின்றது. அதனால் இங்கே வடிந்தது. வடிந்த தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. மேலே காத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கூப்பிட்டது.

"மச்சான்..."

பரக்கத் அலியின் குரல். சந்தேகமே இல்லை. ஆனால் அது பின்னாலிருந்து வரவில்லை. முன்னாலிருந்து வந்தது. வடக்கே, நடு ஆற்றிலிருந்து.

"மச்சான்... நடு ஆத்துக்கு வாங்க..."

திரும்பினேன். அங்கே ஒரு விளக்கு. வெள்ளை ஒளி. பெட்ரோமாக்ஸ்.

எங்களை எப்போது தாண்டினார்? என் முதல் எண்ணம் அதுதான். இரண்டாவது எண்ணம், எரியும் விளக்கைப் பரிசலில் கொண்டுபோகிறாரே, மேண்டில் உதிர்ந்துவிடுமே என்ற தொழில் கோபம்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காத்தானின் ஈரக் கை என் வாயில் விழுந்தது.

"பேசாதீங்க பாய்."

"என் மாப்பிள்ளைய்யா அது."

"இந்தத் துறையில வழக்கம் இருக்கு. விளக்கு வச்சப்புறம் யாரு கூப்பிட்டாலும் மூணாவது தடவை கூப்பிட்டாத்தான் ஏன்னு கேப்போம். உசுரோட இருக்கிறவன் மூணு தடவை கூப்பிடுவான். மத்தது ரெண்டோட நிறுத்திடும்."

காத்திருந்தோம்.

மூன்றாவது வரவில்லை.

வீராயி பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டாள். காத்தான் துடுப்பைத் திருப்பினான். "வந்த கரைக்கே போயிடுவோம். தண்ணியும் சரியில்ல, குரலும் சரியில்ல."

எனக்கு எரிச்சல். அந்தக் குரலை எட்டு வருஷமாகத் தினமும் கேட்கிறேன். பொழுதுபோனால் மனிதன் கூப்பிடக் கூடாதா? பாவம், ஏதாவது ஆபத்தோ என்னவோ. நீச்சல் தெரியாதவர்.

எழுந்து நின்று கத்தினேன்.

"வரேன் மாப்ளே! அங்கேயே இருங்க!"

காத்தான் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. திட்டவில்லை. முகம் வெளுத்துப்போய், மெதுவாகத் துடுப்பை மறுபடியும் வடக்கே திருப்பினான்.

"என்ன காத்தான்?"

"பதில் சொல்லிட்டீங்க. இனி போயே ஆகணும் பாய். நாம போகலேன்னா அது இங்க வந்துடும்."

அவன் பயம்தான் எங்களை நடு ஆற்றுக்குக் கொண்டுபோனது. என் துணிச்சல் இல்லை. இதையும் நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு இடத்தில் இறங்கி, பரிசலை மணலில் இழுத்தோம். திட்டுக்கு அப்பால் ஆற்றின் ஆழமான ஓட்டம். அங்கே துடுப்புக்கு அடி எட்டவில்லை. காத்தான் பரிசலில் ஏறித் துடுப்பால் தள்ளினான்.

அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ சரியில்லை. என்ன என்று உடனே பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது.

பரிசலில் இருக்கும் விளக்கு ஆட வேண்டும். சுற்ற வேண்டும். என் பரிசல் ஆடிக்கொண்டிருந்தது, கரை மரங்கள் எனக்கு ஆடின, வானம் ஆடியது.

அது மட்டும் ஆடவில்லை.

ஆணி அடித்து மாட்டியதுபோல் நின்றது...

நெருங்க நெருங்க இன்னொன்றும் கவனித்தேன். பெட்ரோமாக்ஸ் எரிந்தால் உஸ்ஸ்... என்று சத்தம் வரும். ஆற்றின்மேல் நூறு அடிக்குக் கேட்கும். கேட்கவில்லை. தண்ணீரில் அதன் வெளிச்சம் நீளமாக விழ வேண்டும். விழவில்லை.

"மாப்ளே?" என்றேன்.

விளக்கு அணைந்தது.

அங்கே பரிசல் இல்லை. ஆள் இல்லை. கறுப்புத் தண்ணீர்தான்.

அப்போது மேற்கே ஒரு சத்தம்.

முதலில் ரயில் என்று நினைத்தேன். ஈரோட்டு லைன் அந்தப் பக்கம்தான். மாலை வண்டி. ஆனால் ரயில் சத்தம் தடக் தடக் என்று விட்டு விட்டு வரும். இது விடவில்லை. ம்ம்ம்ம்... என்று ஒரே மூச்சாக. பரிசலின் மூங்கில் என் காலடியில் அதிர்ந்தது.

"கொரம்பு ஒடைஞ்சிடுச்சு" என்றான் காத்தான். "வீராயி, படு. பிள்ளையக் கீழ போட்டு மேல படு!"

இருட்டில், ஆற்றின் குறுக்கே, கரைக்குக் கரை ஒரு வெள்ளைக் கோடு.

இந்த இடத்தில் அந்த அலையைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. விளக்கு வாங்க வந்த நாகப்பட்டினத்துக் கட்டுமரக்காரர் ஒருவர், சகாயநாதன் என்று பெயர், என் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கடல்லயும் எப்பவாச்சும் அப்படி ஒண்ணு வரும் பாய். முன்னாடி தண்ணி உள்ள வாங்கும். அப்ப மீன் பொறுக்க இறங்குனவன் செத்தான். கரைய ஒட்டி நின்னா கட்டுமரத்தை அப்படியே போட்டுட்டு மேட்டுக்கு ஓடிடணும். கரை தூரமா இருந்துச்சா, கரைய நெனைக்கவே கூடாது. அலைக்கு முகத்தைக் காட்டி ஆழத்துக்குத் தள்ளணும். ஒண்ணு தாண்டிட்டோம்னு திரும்பவும் கூடாது. அது தனியா வராது."

ஏன் ஆழத்துக்கு? ஒரு தாம்பாளத்தை ஒரு பக்கம் சற்றே உயர்த்தி வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஆழமான பக்கம் லேசாகத் தட்டினால் அங்கே அலையே தெரியாது. அதே அலை ஆழமில்லாத விளிம்புக்குப் போகும்போது எழும்பி வெளியே சிந்தும். அலையின் அடிப்பாகம் தரையில் உரசித் தயங்குகிறது. பின்னால் வரும் தண்ணீர் அதன் முதுகில் ஏறுகிறது. ஆழத்தில் தூக்கிவிடும் அலை, கரையோரத்தில் சுவராகி விழும். அவ்வளவுதான் வித்தியாசம். உயிருக்கும் சாவுக்கும் அவ்வளவுதான்.

வந்தது.

பரிசல் தூக்கப்பட்டது. மாடி ஏறுவதுபோல். காத்தான் துடுப்பை அலைக்கு நேரே குத்திப் பிடித்தான். ஒரு சுற்று. இரண்டு சுற்று. முகத்தில் மண் கலந்த தண்ணீர். ஒரு மரம் உருண்டு பக்கத்தில் போனது. பிறகு இறங்கினோம். கவிழவில்லை.

எங்கள் இரண்டு பக்கமும், கரையோரங்களில், அது உடையும் சத்தம்... வாழை மரங்கள் முறியும் சத்தம்... படார்... படார்...

பிள்ளை வீறிட்டது. உயிரோடிருக்கிறது.

"தப்பிச்சோம்" என்றான் காத்தான். மூச்சு வாங்கியது. "கரைக்குத் தள்ளிடறேன்."

துடுப்பைத் திருப்பினான்.

"மச்சான்..."

என் காதோரம். அவ்வளவு பக்கத்தில்.

"...இன்னும் இருக்கு."

காத்தானுக்கும் கேட்டது. வீராயிக்கும் கேட்டது. துடுப்பு அப்படியே நின்றது. ஆழத்திலேயே கிடந்தோம்.

நூறு எண்ணும் நேரம் இருக்கும்.

மறுபடியும் அந்த ம்ம்ம்ம்...

மேல் கொரம்பு.

இரண்டாவது அலை முதலாவதைவிடப் பெரியது. அது எங்களைச் சுழற்றிச் சுழற்றிக் கிழக்கே கொண்டுபோனது. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர் வாழைத் தோப்பு ஒன்றில் பரிசல் சிக்கியபோது கோயில் கோபுர விளக்கு தெரிந்தது. பந்தம் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர்கள் எங்களைத் தூக்கினார்கள். மூன்று பேரும் பிழைத்தோம். பிள்ளையோடு நாலு.

"மாப்பிள்ளை வந்தாரா? பரிசல்ல விளக்கு வச்சுக்கிட்டு ஒருத்தர்?" என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டேன். நடு ஆற்றில் ஆளைக் காணாவிட்டாலும், குரல் கேட்டதே, பிழைத்திருப்பார் என்று நம்பினேன். விடியும்வரை நம்பினேன்.

மூன்றாம் நாள் கிடைத்தார். ஜீயபுரத்துக் கரையிலேயே, துறைக்குக் கொஞ்சம் கீழே, முறிந்த வாழைகளுக்கு அடியில். ஒரு விளக்கின் கைப்பிடிக் கம்பி அவர் மணிக்கட்டில் முறுக்கியிருந்தது. போலீஸ்காரர் அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

விளக்கின் தொட்டி நிறையச் சேறு. கண்ணாடி மட்டும் உடையவில்லை. துடைத்துப் பார்த்தேன்.

உள்ளே மேண்டில் இருந்தது.

வெள்ளையாக. எரிந்த மேண்டில். முழுசாக.

நான் கட்டிக் கொடுத்தது புதுத் துணி. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் உதிர்கிற சாம்பல் அது, மூன்று நாள் வெள்ளத்திலும் சேற்றிலும் கிடந்திருக்கிறது... விரலை நீட்டித் தொட்டேன். பொடியாகி விழுந்தது. உலர்ந்த பொடி.

அடக்கம் முடிந்த மறுநாள் பிச்சமுத்து எங்கள் வீட்டுக்கு வந்தான். மரத்தில் சிக்கித் தப்பியவன். இடது கை கட்டுப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டான். உள்ளே திரைக்குப் பின்னால் கமர் ஜஹான்.

"பாய், என்னைய மன்னிச்சிடுங்க. நீங்க கூப்பிட்டீங்க. நான்தான் அவரை விடல."

"நான் எங்கேய்யா கூப்பிட்டேன்?"

"கூப்பிட்டீங்களே பாய். பாட்டிலை எடுத்துக்கிட்டு வந்து ஏறிக் கொஞ்ச தூரம் வந்தோம். தண்ணி வத்திப்போச்சு. மணல்ல இறங்கி நின்னோம். அப்பத்தான் நடு ஆத்துலேருந்து, 'மாப்ளே... நடு ஆத்துக்கு வாங்க'ன்னீங்க. ரெண்டு தடவை. உங்க குரல்தான். கையில லைட்டோட நின்னீங்க."

"நின்னேனா?"

"ஆமாங்க. தண்ணி மேல. பரிசலு கிரிசலு ஒண்ணும் காணோம். அதான் எனக்கு உசுரு போச்சு."

"உங்க பரிசல்ல விளக்கு ஏத்தினாரா அவர்?"

"ஏத்தவே இல்லீங்களே. தீக்குச்சியே கிழிக்கல. உங்க குரலைக் கேட்டதும் அவரு, மச்சான் கூப்பிடறாரு, வரேன்னு சொல்லணும்னாரு. நான் வாயைப் பொத்திட்டேன். மூணாவது தடவை கூப்பிடட்டும், அப்பச் சொல்லுங்கன்னேன். காத்துக்கிட்டே நின்னாரு பாய். லைட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு, அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு..."

அவன் அழுதான்.

"அப்புறம் நீங்க கூப்பிடவே இல்லீங்களே."

நான் கூப்பிடவில்லை. முதல் தடவையும் நான் இல்லை. இரண்டாவது தடவையும் நான் இல்லை. நான் கத்திச் சொன்ன பதிலோ அவர்களுக்கு எட்டவே இல்லை. இதை யாரிடம் எப்படிச் சொல்வது? ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து, எனக்கு அவர் குரலிலும் அவருக்கு என் குரலிலும் கூப்பிட்டது எது? இன்றுவரை தெரியாது. பதில் சொன்னவனுக்கு அது மூன்றாவது தடவையும் பேசியது. அது மட்டும் தெரியும்.

திரை அசைந்தது. தங்கை வெளியே வரவில்லை. அவள் குரல் மட்டும் வந்தது. கோபம் இல்லை அதில். அழுகைகூட இல்லை.

"மூணு தடவை கூப்பிடணும்னு சொன்னேனே அண்ணே."